புலிக்கல்லின் காலம்

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் வரப்போரத்திலும் ஆலமரத்தடியிலும் கண்மாய்க் கரையிலும் கல்லில் வடித்த விலங்குகள் நிற்கக் காணலாம். காளை எனத் தெளிவாகத் தெரிவன சில. குதிரை எனக் கொள்ளத்தக்கன சில. நெடுங்காலம் எண்ணெயும் மஞ்சளும் பூசப்பெற்று, இன்ன விலங்கென்று கூற இயலாதவாறு முகம் தேய்ந்தன பல. அவற்றின் அகவை யாதென வினவினால் பெரும்பாலும் இரண்டே விடைகள் கிடைக்கும். ஒன்று, பாண்டவர் காலம். மற்றொன்று, இரண்டாயிரம் ஆண்டு. இவ்விரண்டிற்கும் பின்வந்த காலம் எதுவும் ஊர்ப்புறத்து நினைவில் இல்லை போலும்!

தமிழாசிரியன் எனில் கல்லையும் படிப்பான் என்பது நம் மக்களின் நம்பிக்கை. இலக்கணமும் இலக்கியமும் பயிற்றுவிப்பதே எம் தொழில் எனினும், நடுகற்களைப் பற்றிப் புறப்பொருள் வகுப்பில் பேசாத ஆண்டில்லை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியர் வகுத்த ஆறு நிலைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, மாணாக்கர் அவற்றைத் தேர்வுக்கென மனப்பாடம் செய்யும் அளவில் அப்பாடம் முடிவதுண்டு. அவ்வாறு முடியவிடாமல் செய்தவர் எம் இளங்கலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர். "அய்யா, எங்க ஊர்லயும் ஒரு கல்லு இருக்கு. அதுல இருக்கறது நாயா, பன்னியா, சிங்கமான்னு யாருக்கும் தெரியலை" என்று அவர் வகுப்பிலேயே எழுந்து கூறினார். வகுப்பு சிரித்தது. யாம் சிரிக்கவில்லை, அடுத்த சனிக்கிழமை வருவதாக வாக்களித்தோம்.

பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தை ஒட்டிய சிற்றூர் அது. ஊர்ப்பெயரை ஈண்டுக் குறிக்காமைக்குரிய காரணம் பின்னர் விளங்கும். ஊருக்கு வெளியே, மலைக்கு ஆடுமாடுகள் ஏறிச்செல்லும் பாதையின் தொடக்கத்தில், புளியமரத்தடியில் அக்கல் நின்றது. உயரம் ஏறக்குறைய மூன்றரை அடி, அகலம் இரண்டரை அடி. முன்முகம் மட்டும் சமன்செய்யப்பெற்றது; முதுகுப்புறம் பாறையிலிருந்து பிளந்தெடுத்தபடியே கரடாக விடப்பெற்றது. நடுவே ஆண் உருவம் ஒன்று. அதன் இடப்புறம் பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும் விலங்கு ஒன்று. வலப்புறம் ஒரு பெண்ணுருவம். எஞ்சியதெல்லாம் எண்ணெய்க் கருமை.

எம்முடன் வந்த மாணாக்கர் பன்னிருவர். எம்மை எதிர்கொண்ட ஊர்ப்பெரியவர்கள் அவரினும் மிகுதி! அவருள் மூத்தவர், "வாங்க பாய்" என அன்புடன் அழைத்து இருக்கை தந்தார். இன்னொருவர் எம் குடிவழியை அறிந்து, "ராவுத்தருன்னா குதிரைக்காரவுகளாச்சே, இது குதிரையான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என நகைத்தார். இராவுத்தர் என்னும் சொல் குதிரைவீரனைக் குறித்து எழுந்தது என்பர். அதனை எம் அகராதிகளினும் அப்பெரியவர் நன்கு நினைவில் வைத்திருந்தார். ஆயினும் அது குதிரையன்று என்பது அங்கிருந்த அனைவர்க்கும் தெரியும்.

எம் வருகை வெறும் கல்விச் சுற்றுலாவன்று என்பதைச் சற்று நேரத்தில் உணர்ந்தோம். அக்கல்லுக்குப் புதியதொரு கோயில் எழுப்ப ஊரார் முனைந்திருந்தனர். தூண்களுக்குக் கம்பி கட்டியாகிவிட்டது. கல்லைப் பெயர்த்துப் புதிய மேடையில் சிமெண்டுக் கலவையால் பதித்து, வண்ணம் தீட்டுவது திட்டம். அதனினும் பெரிய சிக்கல் ஒன்று: அவ்வூரில் ஒரே குலத்துப் பங்காளிகள் இரு பிரிவினர். கல்லில் உள்ள வீரர் தம் பிரிவின் மூதாதையே என இரு திறத்தாரும் உரிமை கொண்டாடினர். குடமுழுக்கின்போது முதல் மரியாதை எவர்க்கு என்பது அதனைப் பொறுத்தது. "காலேசு வாத்தியாரு என்ன சொல்றாரோ அதுதான்" என ஒரு பிரிவினர் எம்மை நோக்க, மற்றவர் எம் வாயையே நோக்கினர். கல்லின் காலத்தைக் கணிப்பது அத்துணை எளிய பொறுப்பன்று என்பது அப்போது விளங்கியது.

"எழுத்தே இல்லாத கல்லுக்கு வயசு எப்பிடிப் பாய் சொல்லுவீக?" என்றார் மூத்தவர். நல்ல வினா. ஆராய்ச்சி மாணாக்கர் பலரும் கேட்கத் தயங்கும் வினா.

கல்லுக்கு அகவை கூறுதல் என்பதையே முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். நம் மலைகளின் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையுடையன. அப்பழமைக்கும் சிற்பத்துக்கும் தொடர்பில்லை. உளி பட்ட நாள் எது என்பதே நமக்கு வேண்டுவது. அந்நாளைக் கல் தன்னுள்ளே பதித்து வைப்பதில்லை. கரிமப் பகுப்பாய்வு எனும் முறை உயிரோடு வாழ்ந்த பொருள்களுக்கே பயன்படும். கரி, நெல், எலும்பு போன்றவற்றுக்கு. பழனியை அடுத்த பொருந்தலில் 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் பேராசிரியர் கா. இராசன் அவர்கள் நடத்திய அகழாய்வில், ஈமக்குழியில் இட்டிருந்த நெல்மணிகளை ஆய்ந்து கி.மு. 490 எனக் காலம் கண்டனர். அங்கே கிடைத்த தமிழ் எழுத்துப் பொறித்த பொருளுக்கும் அந்நெல்லே காலம் காட்டிற்று. எழுத்தின் காலத்தை நெல் சொல்கிறது! ஆனால் புளியமரத்தடியில் வெட்டவெளியில் நிற்கும் கல்லுக்கு அத்தகைய துணை ஏதும் இல்லை. அதன் உருவமும் அது நிற்கும் இடமுமே சான்று.

ஆதலின் உருவத்தை முதலில் தெளிவாகக் காண வேண்டியிருந்தது. பூசாரியே தம் கையால் அரப்புத்தூள் இட்டு, மெல்லிய துணியால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, நீர் விட்டுக் கழுவினார். யாம் சற்றுத் தள்ளி நின்று, கம்பித் தூரிகையும் அமிலமும் மட்டும் கூடா என வேண்டிக்கொண்டோம். கழுவிய பின்னும் நண்பகல் வெயிலில் உருவங்கள் மங்கலாகவே தோன்றின. புடைப்பு குறைந்த சிற்பத்தை நேரொளியில் நோக்கினால் ஒன்றும் புலனாகாது. ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் சிறு மேடுபள்ளமும் நிழல் பெற்று எழும். எனவே பொழுது சாயும் வரை காத்திருந்தோம். அதற்குள் ஊரார் எமக்கும் மாணாக்கர்க்கும் தேநீரும் முறுக்கும் தந்து உபசரித்தனர். இருட்டியதும் மாணவர் ஒருவரை டார்ச் விளக்கைக் கல்லின் ஓரத்தில் ஒட்டிப் பிடிக்கச் செய்தோம்.

கூடியிருந்தோர் அனைவரும் ஒருசேர வியந்தனர். விலங்கின் வால் முதுகின்மேல் நீண்டு வளைந்து, நுனியில் மீண்டும் சுருண்டிருந்தது. பன்றிக்கு அத்துணை நீண்ட வாலைச் சிற்பி வைக்கமாட்டான். முன்னங்கால்களின் முனையில் பிளவுபட்ட குளம்பு இல்லை. விரித்த நகங்கள் இருந்தன. கழுத்தில் பிடரி மயிர் இல்லை; எனவே சிங்கமும் அன்று. வாய் திறந்து ஆடவனின் தோளை நோக்கி எழுந்த அவ்விலங்கு புலியே. ஆடவன் இடக்கையால் அதனைத் தடுத்து, வலக்கையிலுள்ள குத்துவாளை அதன் வயிற்றில் பாய்ச்சுகிறான். புலிகுத்திக் கல் என்று அறிஞர் வழங்கும் வகை இது. சின்னமனூர்ப் பகுதியில் புலிக்குத்தி என்றே ஓர் ஊர் உள்ளதை இப்பள்ளத்தாக்கினர் அறிவர். பேருந்துப் பலகையில் அப்பெயரைப் பார்க்கும் எவரும் அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை.

அத்துடன் முடியவில்லை. புலியின் பின்னங்காலுக்கும் வீரனின் பாதத்துக்கும் இடையில், இதுவரை வெறும் புடைப்பு எனக் கருதப்பட்ட இடத்தில், சிறிய விலங்கு இன்னொன்று தெரிந்தது. மேல்நோக்கிச் சுருண்ட வால், விறைத்த காது, புலியின் தொடையைக் கவ்விய வாய். நாய்! தலைமுறை தலைமுறையாக அக்கல்லை வணங்கி வந்தோர் ஒருவரும் அந்நாயைக் கண்டதில்லை.

நாய்க்குக் கல்லில் இடமா என மாணாக்கர் சிலர் வியந்தனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல்லை அவர்க்கு நினைவூட்டினோம். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது அது. எருமைகளைக் காக்கும் போரில் வீழ்ந்த வீரன் பக்கத்தில் அவனுடைய நாய் நிற்கிறது. கள்வர் இருவரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியை, நாயின் பெயரையும் சுட்டி அக்கல் கூறுகிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலோ சண்டைச் சேவல் ஒன்றுக்கே கல் நாட்டியுள்ளனர். இந்தளூரிலும் அதுபோன்றதொரு கோழிக்கல் உண்டு. சேலம் மாவட்டத்துக் கருமந்துறையில் கிடைத்த கல்லில், எருதுடன் பொருது மாண்ட இளைஞன் ஒருவனைக் காளையுடன் வடித்துப் பெயரும் பொறித்துள்ளனர். நம் முன்னோர் விலங்கைக் கல்லில் அமைக்குங்கால் அழகுக்காக அமைத்தாரல்லர். நிகழ்ந்தது இன்னது என்று தெரிவிக்கவே அமைத்தனர். எனவேதான் வாலும் குளம்பும் பிசகாமல் வடித்தார்கள்; அவற்றைக் கொண்டே நாமும் தெளிகின்றோம்.

இனி, காலம். 'இரண்டாயிரம் ஆண்டு' என்னும் கூற்றினை எடுத்த எடுப்பில் தள்ளிவிடுதல் முறையன்று. ஏனெனில் இதே தேனி மாவட்டத்தில் இரண்டாயிரம் ஆண்டினும் பழைய நடுகற்கள் உண்மையாகவே கிடைத்துள்ளன. ஆண்டிபட்டி வட்டம், வைகைக் கரையை ஒட்டிய புலிமான்கோம்பை என்னும் ஊரில் 2006ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் பேராசிரியர் கா. இராசனும் அவர்தம் ஆய்வு மாணாக்கரும் மூன்று கற்களைக் கண்டெடுத்தனர். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த அவை கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவின எனக் கணிக்கப்பெற்றவை. இந்திய நாட்டில் எழுத்துடன் கிடைத்த நடுகற்களுள் மிகப் பழையன எனப் போற்றப்பெறுபவை. அவற்றுள் ஒன்றில் 'ஆகோள்' என்னும் சொல் உள்ளது. பகைவர் ஆநிரையைக் கவர்தலைக் குறிக்கத் தொல்காப்பியம் ஆளும் அதே சொல்! வகுப்பறையில் ஏட்டுச் சொல்லாகப் பயின்ற ஒன்று, நம் மாவட்டத்து மண்ணிலிருந்து கல்லில் எழுதிய சொல்லாக எழுந்து வந்தபோது தமிழாசிரியர்கள் அடைந்த உவகையை இங்கே விரிக்க இயலாது. அக்கல்லில் 'கூடல் ஊர்' என்னும் ஊர்ப்பெயரும் வருகிறது. கம்பத்தை அடுத்த கூடலூரினர் அதனைத் தம் ஊர் எனக் கொள்ள விரும்புவது இயற்கையே. கூடல் எனும் பெயருடைய ஊர்கள் தமிழகத்தில் பலவாதலின், அவ்விருப்பத்தை முடிந்த முடிபாகக் கொள்ளாதிருத்தல் நலம்.

ஈண்டு நோக்கத்தக்கது வேறொன்று. புலிமான்கோம்பைக் கற்களில் வீரன் உருவம் இல்லை. ஆநிரை உருவம் இல்லை. புலியும் இல்லை, நாயும் இல்லை. உருவம் தீட்டாத சிறு பலகைக் கல், அதன்மேல் சில எழுத்துகள், அவ்வளவே. பண்டைய ஈமக்காட்டில் கல்லறைகளோடு நின்றவை அவை. உருவம் பொறித்தல் அதன்பின் நூற்றாண்டுகள் கழித்தே பெருவழக்காயிற்று. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமி அவர்களின் பொறுப்பில் 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பைப் புரட்டினால், பல்லவர் காலத்தில் வில்லும் வாளும் ஏந்தி விரைந்தோடும் வீரர்களையும், அவர்கள் தலைக்குமேல் வரிவரியாக ஓடும் வட்டெழுத்தையும் காணலாம். எனவே உருவம் நிறைந்ததும் எழுத்தே இல்லாததுமான கல்லைச் சங்க காலத்தது எனல், பேரன் உடுப்பைப் பாட்டனுக்கு அணிவித்தலை ஒக்கும்.

வட்டெழுத்துக் காலத்துச் சிற்பம் எவ்வாறிருக்கும் என்பதை அறிய நாம் செங்கத்துக்குச் செல்லவும் வேண்டா. உத்தமபாளையத்தில் திருக்குணகிரி எனப்பெறும் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக அமைந்துள்ளன. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டளவின அவை. கீழே வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. அச்சணந்தி என்னும் சமண அடிகளின் பெயரும் அங்குண்டு. அணிகலச் சுமையின்றி, மென்மையான உடல்வளைவோடு, பாறையினின்று முகிழ்த்தாற்போல் தோன்றும் உருவங்கள் அவை. எம் மாணாக்கரை வரும் வழியிலேயே அங்கு நிறுத்திக் காட்டியிருந்தோம். ஆதலின் புளியமரத்தடிக் கல்லின் வேறுபாட்டை அவர்களே கூறினர். இங்கு வீரனின் கொண்டை ஒருபுறம் சாய்த்து முடியப்பெற்றுள்ளது. இடைக்கச்சின் முடிச்சும் தொங்கலும் கூர்மையான கோடுகளாக வெட்டப்பெற்றுள்ளன. கையிலும் காலிலும் காப்பு. கல்லின் மேல்விளிம்பில் வளைவான மாடம், அதன் இருபக்கமும் கதிரவனும் பிறைமதியும். வலப்புறத்துப் பெண் ஒரு கையை உயர்த்தி, மறுகையில் சிறு சிமிழ் ஏந்தியிருக்கிறாள். கணவனோடு தீப்புகுந்த மனைவியை இவ்வாறு காட்டுதல் பிற்கால மரபு. இவை யாவும் ஒருங்கே வருதல் விசயநகர, நாயக்கர் காலத்து நடுகற்களில். ஆகவே கி.பி. 16, 17ஆம் நூற்றாண்டு என்பதே எம் முடிபாயிற்று. பின்னர் இக்கல்லின் ஒளிப்படங்களை நோக்கிய கல்வெட்டறிஞர் ஒருவரும் அதனையே உரைத்தார்.

ஏறக்குறைய நானூறு ஆண்டு. அதனைச் சொன்னபோது பெரியவர்கள் முகம் வாடியதை யாம் மறைக்க விரும்பவில்லை. இரண்டாயிரத்திலிருந்து நானூறாகக் குறைந்தால் யாருக்குத்தான் வருத்தம் நேராது? அவர்களுக்கு யாம் கூறிய எடுத்துக்காட்டு தஞ்சைப் பெருவுடையார் கோயில் நந்தி. 1010ஆம் ஆண்டில் இராசராசன் எடுத்து முடித்த கோயில் அது. எனவே வாயிலில் அமர்ந்திருக்கும் நந்தியும் அவன் வைத்ததே என்பார் பலர். அது வளர்ந்துகொண்டே வந்ததாகவும், முதுகில் ஆணி அறைந்து வளர்ச்சியைத் தடுத்ததாகவும் கதையும் உண்டு. உண்மையில் ஏறத்தாழ 12 அடி உயரமுள்ள அந்த ஒற்றைக்கல் நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தன. கழுத்து மணிகளும் மாலைகளும் முதுகின் அணிகளும் அதனைத் தெளிவாகக் காட்டும். ஆயிரம் ஆண்டுக் கோயிலில் அறுநூறு ஆண்டு பிற்பட்ட காளை! அதனால் அதன் பெருமை குன்றிற்றா? பூசையில் ஒரு மலரேனும் குறைந்ததா? மூத்தவர் தலையசைத்தார். "தஞ்சாவூரு நந்திக்கே நானூறு வருசந்தானா" என்றவர் குரலில் சிறிது ஆறுதல் தெரிந்தது.

அடுத்து, கல் எங்கிருந்து வந்தது என்னும் வினா. மலையின் மறுபுறத்திலிருந்து கொணரப்பெற்றது என ஒரு பிரிவினரும், ஆறு கடந்து வந்தது என மற்றவரும் கூறினர். தொலைவிலிருந்து கல் கொணர்தல் நம் பள்ளத்தாக்கினர்க்குப் புதிய செய்தியன்று. கண்ணகிக்குப் படிமம் சமைக்கச் சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிய கதையைச் சிலப்பதிகாரம் கூறும். அக்கண்ணகியின் கோயில் எனப் போற்றும் மங்கலதேவிக் கோட்டத்திற்குச் சித்திரைப் பருவத்தில் ஆண்டுதோறும் மலையேறுவோர் நம் மக்கள். வென்றோர் பிற நாட்டுச் சிற்பங்களைக் கொணர்ந்ததும் உண்டு. சாளுக்கியரை வென்ற இராசாதிராச சோழன், கல்யாணபுரத்திலிருந்து தான் கொணர்ந்த வாயிற்காவலர் சிலையில் அச்செய்தியையே பொறித்து வைத்தான். அக்கல்லும் அதன் செதுக்கு முறையும் சோழநாட்டுச் சிற்பங்களோடு ஒட்டாமல் தனித்து நிற்பதைக் கண்டோர் அறிவர்.

புளியமரத்தடிக் கல்லுக்கு அத்தகைய நெடும்பயணம் தேவைப்படவில்லை. அங்கிருந்து கூப்பிடு தொலைவில், ஓடையோரத்தில் கிடக்கும் பாறையில் சதுரமான ஆப்புக்குழிகள் ஒரே வரிசையாகக் கிடந்தன. குழியில் ஆப்பு இறக்கிப் பாறையைப் பலகையாகப் பிளத்தல் கல்தச்சரின் பழைய முறை. கல்லின் கரட்டு முதுகிலும் விளிம்பில் அரைக்குழிகள் மூன்று. நிறமும் மணியும் ஒன்றே. எம் மாணவர் இருவர் ஓடைக்கும் மரத்துக்கும் பன்முறை ஓடி, குழியின் அகலத்தை நூலால் அளந்து ஒப்பிட்டு மகிழ்ந்தனர். ஆப்பு வைத்த குழி மட்டும் காலத்தைச் சொல்லிவிடாது. அம்முறை நீண்ட நாள் வழக்கில் இருந்தது. ஆனால் பிறந்த இடத்தைச் சொல்லப் போதும். கல் அவ்வூரினது, வடித்தோன் பெயர் தெரியாவிடினும் அவன் அங்கு வந்தே வடித்தான்.

இவ்வளவும் கண்ட பின்னும் எம் மனம் ஒன்றைச் சுற்றியே வந்தது. வீரன் ஏன் புலியோடு பொருதான்? வேட்டைக்குச் சென்றவன் எனில் வில்லோ வேலோ ஏந்தியிருப்பான். இவன் கையில் இடுப்பில் செருகும் குத்துவாள் மட்டுமே. நாயும் உடன் வந்துள்ளது. கல் நிற்கும் இடமோ மாடுகள் மலையேறும் பாதையின் வாயில். எனவே கல்லில் வடிக்கப்பெறாத விலங்கு ஒன்று உண்டு. அதுவே இந்நிகழ்ச்சிக்குக் காரணமான விலங்கு. அது மாடு. கிடையைக் காத்து நின்ற இடையனோ மேய்ப்பனோ புலியை எதிர்த்து மாண்டிருக்கிறான், புலியும் மாண்டிருக்கிறது.

இப்பள்ளத்தாக்கின் வரலாறே மாட்டின் வரலாறு என்றால் மிகையன்று. 1895இல் முல்லைப் பெரியாற்று நீர் வந்த பின்னரே இரு போக நெல்லும் பிற பயிர்களும் இங்குச் செழித்தன. அதற்குமுன் மலைச்சாரல் மேய்ச்சலே பெருவாழ்வு. நாயக்கர் ஆட்சியில் போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் எனப் பாளையங்கள் அமைந்ததும், கன்னடமும் தெலுங்கும் பேசும் குடியினர் தம் நிரைகளுடன் இங்குக் குடியேறியதும் நாம் அறிந்தவை. கம்பத்தில் இன்றும் தம்பிரான் மாட்டுத் தொழு உண்டு; தை மாதத்தில் அங்குத் திரளும் கூட்டத்தில் எம் உறவினர் பலரையும் கண்டிருக்கிறோம். மலைமாடு எனப்பெறும் நாட்டினம் மேகமலைச் சாரலில் மேய்ந்து வளர்ந்ததே. அம்மலையையும் திருவில்லிபுத்தூர் மலையையும் இணைத்து 2021இல் புலிகள் காப்பகம் அறிவித்தனர். புலி அங்கு நேற்று வந்ததன்று என்பதற்கு இக்கல் சான்று. மேய்ச்சலுக்கு மலை மூடப்பட்டது குறித்து மாடுவளர்ப்போர் கொண்டுள்ள மனக்குறையை அவ்வூரிலும் கேட்டோம். புலியைக் காத்தல் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. மேய்ப்பர் குறையைக் கேட்பார் வேண்டும் என்பதிலும் ஐயமில்லை.

புலிமான்கோம்பைக் கல்லில் மாட்டுக்காக மாண்டவன். ஈராயிரம் ஆண்டு கழித்து, அதே மாவட்டத்தில், இக்கல்லிலும் மாட்டுக்காக மாண்டவன். பகை மட்டும் வேறு. அங்கு மனிதன், இங்குப் புலி. 'இரண்டாயிரம் வருசம்' என்று ஊரார் கூறியது இந்தக் கல்லுக்குப் பொருந்தாவிடினும், இந்தத் தொழிலுக்குப் பொருந்தும் என்று யாம் சொன்னபோது, வாடிய முகங்கள் மலர்ந்தன.

இனி முதல் மரியாதை. இரு பிரிவினரும் காத்திருந்தனர். யாம் கூறியது இதுவே: கல்லில் பெயரில்லை, குலமும் இல்லை, மாட்டைக் காத்து மாண்டவன் என்பது உண்டு, அவனோடு ஒரு பெண் மாண்டாள் என்பது உண்டு, நாயொன்று புலியைக் கவ்விற்று என்பது உண்டு. இதற்குமேல் கல் பேசவில்லை. பேசாததை யாம் பேசுவதற்கில்லை. ஒருவர் சினந்து எழுந்து சென்றார். மூத்தவர் அவரைத் தடுக்கவில்லை. நெடுநேரம் கழித்து, "ரெண்டு பேருக்கும் பொதுவாத்தான் இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். அது உடனே ஏற்கப்பெறவில்லை. ஊர்ப்பெயரைக் குறிக்காமைக்குக் காரணம் இதுவே. அவ்வழக்கு அவர்களுடையது, மலர் படிப்போர் நடுவராக வேண்டா.

வண்ணம் தீட்டுவதைப் பற்றி மட்டும் யாம் வற்புறுத்தினோம். நூறாண்டு கடந்த சிற்பம் எதுவும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வழிபாட்டுக்குத் தடையில்லை, ஆனால் சிதைக்கக் கூடாது. அதனினும் எளிதாக அவர்கட்கு விளங்கியது வேறு: எனாமல் பூச்சை ஒருமுறை அப்பிவிட்டால் நாய் மீண்டும் மறைந்துபோகும் என்றோம். சிமெண்டால் அடியைப் பதித்தால் வீரனின் பாதமும் அதனோடு புதைந்துபோகும் என்றோம். தொல்லியல் அலுவலர்க்கு ஒளிப்படங்களுடன் கடிதம் ஒன்றும் மாணாக்கரே எழுதி, ஊரார் கையொப்பத்துடன் அனுப்பினர்.

அடுத்த ஆண்டு அவ்வழியே சென்றபோது கோயில் எழும்பியிருந்தது. தகரக் கூரை, பளிங்குத் தரை, நான்கு தூண்களிலும் பச்சை வண்ணம். கல் பெயர்க்கப்படாமல் பழைய இடத்திலேயே நின்றது. தரையை அதனைச் சுற்றி அமைத்திருந்தனர். முகத்தில் வண்ணமில்லை. எண்ணெய் மட்டும் வழக்கம்போல். பூசாரி எம்மைக் கண்டதும் எழுந்து வந்து, விளக்கைத் தூக்கிக் கல்லின் ஓரத்தில் பிடித்துக் காட்டினார். வீரனுக்கும் பெண்ணுக்கும் இருந்த சந்தனப் பொட்டு, கீழே நாயின் நெற்றியிலும் இருந்தது.